டீசலிலும் பூஞ்சை பிடிக்கும்

மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கத்து மானாவாரிக் கரிசலில் கோடை முழுக்க டிராக்டருக்கு வேலை குறைவு. பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் இரவுக் குளிருக்கு உள்ளே ஈரம் வியர்த்து, அடியில் தண்ணீராகத் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில்தான் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுகின்றன. ஜெட் விமான டேங்குகளையே 1960களில் பாடாய்ப்படுத்திய ஹார்மோகோனிஸ் ரெசினே பூஞ்சையும் இந்த வகைதான். ஐப்பசி மழைக்கு உழவு தொடங்கியதும் கசடு கிளம்பி பில்டரை அடைக்கும். கலப்பை மண்ணில் இறங்கினால் இன்ஜின் இழுவையில்லாமல் திணறும்.

பில்டரைக் கழற்றிப் பாருங்கள். வழவழவென்று கருப்பாக விரலில் ஒட்டி, புளித்த வாடை அடித்தால் அது வெறும் தூசியல்ல. பில்டரை மட்டும் மாற்றினால் மறுபடி அடைக்கும். மெக்கானிக்கைக் கொண்டு டேங்கையே கழுவிக் காயவைக்க வேண்டும்.

வண்டியை நாள்கணக்கில் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தண்ணீர் போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். கேனில் வாங்கி வைப்பது அவசரத்துக்கு மட்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், நிழலில் வையுங்கள். வடித்த கழிவைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள்.