தாளில் எழுதிய மனிதர்

திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்தெழும் குதிரைகளையும் அவற்றின்மேல் அமர்ந்த வீரர்களையும் காணாத மாணவர் நம்மிடையே இரார். கல்லில் அமைந்த உருவம் நின்ற இடத்திலேயே நின்று தன்னைக் காட்டிக்கொள்ளும். தாளில் எழுதிய உருவத்தின் நிலை வேறு. அதனைக் காணக் கண்காட்சி ஒன்று வேண்டும். அதுவும் சில கிழமைகளே நடைபெறும். ஆகவே, மனித உருவைத் தாளில் எழுதும் கலை நம் வட்டாரத்திற்குப் புதியது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி இக்கலைக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இங்கே தங்கியிருந்தது. ஊர் திரும்பும் வெள்ளையர்க்கு நினைவுப்பொருள் தேவைப்பட்டது. நெசவாளர், குயவர், தண்ணீர் சுமப்பவர், பல்லக்குத் தூக்கிகள் எனத் தொழிலுக்கொரு படமாகத் தாளிலும், நம் மக்கள் காக்காய்ப்பொன் என்று வழங்கும் அப்பிரகத் தகட்டிலும் எழுதித் தொகுதியாக விற்றனர். மதுரை, பாட்னா, முர்ஷிதாபாத் ஆகிய ஊர்களிலும் இத்தகைய படங்கள் உருவாயின. திருச்சிப் படங்களைக் காண விரும்புவோர் இன்று இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தொகுப்பை நாடலாம். நம் கொள்ளுப்பாட்டனாரின் உடையும் நடையும் நமக்குக் கிட்டாமல், அவரை அறியாத நாட்டில் பத்திரமாக இருக்கின்றன!

இப்படங்களின் வண்ணம் பளிச்சென்றிருக்கும். ஆடையின் கரை முதல் கையிலுள்ள கருவி வரை கூர்ந்து எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதில் நிற்பவர் யார்? பெயரில்லை. அவர் ஒரு தொழிலின் அடையாளம், அவ்வளவே. அப்பிரகப் படங்களில் விந்தையான வகை ஒன்றுண்டு. அட்டையில் ஒரு முகம் மட்டும் இருக்கும். தலையில்லாத ஆடைகள் எழுதிய தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் வைத்தால், அதே முகம் ஒருமுறை சிப்பாயாகும், மறுமுறை வணிகனாகும். இதைவிடத் தெளிவாக அக்கலையின் குறையைச் சொல்ல இயலாது. குறை எழுதியவரைச் சார்ந்ததன்று. வாங்கியவர் கேட்டது அதுவே. நிழற்படம் பரவியதும் அந்தச் சந்தையும் ஓய்ந்தது.

இனி நம் காலத்திற்கு வருவோம். துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர். சிற்பி தனபால் அவரை ஊக்கியவர்களுள் ஒருவர். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல் அவர் அடிகளைப் பற்றி நூறு கோட்டோவியங்கள் எழுதினார். வண்ணமில்லை. கருமையும் வெறுந்தாளுமே.

காந்தியடிகளின் முகம் நாணயத்திலும் அஞ்சல் தலையிலும் தேய்ந்துபோன முகம். கண்ணாடி, மொட்டைத் தலை, கைத்தடி என்று மூன்றைப் போட்டாலே குழந்தையும் பெயர் சொல்லும். அந்த எளிய வழியை ஆதிமூலம் நம்பவில்லை. சுற்றுக்கோடு இழுத்து உள்ளே நிழல் நிரப்பாமல், பின்னியும் பிரிந்தும் ஓடும் கோடுகளாலேயே முகத்தைக் கட்டுகிறார். கோடு நெருங்கிய இடம் இருள். விலகிய இடம் ஒளி. அருகில் நின்று பார்த்தால் முள்வேலிபோலக் கோடுகளே தெரியும். நான்கடி பின்னால் வந்தால் கவலையுற்ற முதியவர் ஒருவர் நம்மைக் கடந்து எங்கோ நோக்குகிறார். அப்பிரக ஓவியர் பெயரற்ற மனிதரை வகையாக்கினார். இவரோ வகையாகிவிட்ட ஒருவரை மீண்டும் மனிதராக்கினார். தற்கால உருவ ஓவியத்தை மதிப்பிட இந்த ஒரு வேறுபாடு போதும் என்பது என் கருத்து. உருவம் அச்சடித்தாற்போல் ஒத்திருக்கிறதா என்று கேட்பது இரண்டாவது கேள்வியே.

இத்தகைய படங்களை ஏன் எப்போதும் சுவரில் மாட்டி வைப்பதில்லை எனச் சிலர் வினவலாம். இராணி மங்கம்மாள் மண்டபத்திலுள்ள நம் அரசு அருங்காட்சியகத்தில் கற்சிற்பங்கள் திறந்த வெளியிலும் வைக்கப்பட்டுள்ளன. வெயில் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. தாளுக்கோ ஒளியே பகை. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். தாள் ஓவியத்திற்கு அருங்காட்சியகங்கள் வகுத்த அளவு 50 லக்ஸ். ஒளியால் வந்த கேடு ஓய்வு கொடுத்தாலும் நீங்காது, கூடிக்கொண்டே போகும். ஈரமும் இராமபாணப் பூச்சியும் வேறு. ஆகவே, மூன்று நான்கு மாதம் காட்டிவிட்டுப் பெட்டியில் வைப்பர். கூடம் மங்கலாக இருக்கிறதே என்று குறைப்படுவோர், கண் பழகச் சற்றுப் பொறுத்தல் வேண்டும்.

ஆதிமூலம் 2008இல் மறைந்தார். கண்காட்சிக்கே செல்லாத பல்லாயிரவர் அவர் கோட்டை அறிவர், கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய கரிசல் காட்டுத் தொடருக்குப் படம் எழுதியவர் அவரே. சத்திரம் பேருந்து நிலையத்தில் அவ்விதழை வாங்கி, துறையூர் வண்டியில் ஏறிப் படித்தவர்களுள் எத்தனை பேர், படம் எழுதியவர் தம் பக்கத்து ஊர்க்காரர் என்று அறிந்திருப்பர்?