படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்போம்

எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து தரங்கம்பாடிக் கடற்கரை நான்கு கிலோமீட்டர் தூரம். வயல்புறத்துப் பிள்ளைகளும் மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் வீட்டுத் தொழில் மற்றவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியைக் குறைக்கலாம் என்றுதான் எட்டாம் வகுப்பில் 16 மாணவர்களுடன் ஒளிப்படக் குழு ஒன்றைத் தொடங்கினேன். எங்களிடம் இருந்த கருவிகள், ஆசிரியர்களின் நான்கு செல்பேசிகள் மட்டுமே.

கேமரா இல்லாத முதல் வகுப்பு

முதல் வாரம் செல்பேசியைக் கையில் கொடுக்கவில்லை. பழைய நோட்டு அட்டையில் அஞ்சலட்டை அளவுக்கு ஒரு துளை வெட்டி, அதன் வழியே பள்ளி வளாகத்தைப் பார்க்கச் சொன்னேன். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று முடிவெடுக்க இந்த அட்டைச் சட்டகம் பழக்கியது. பிறகு ஒரே காட்சியை மூன்று தொலைவுகளில் பார்க்கப் பழகினோம். தூரத்திலிருந்து இடம், நடுவிலிருந்து வேலை, அருகிலிருந்து கை. வலை சீர்செய்பவரைப் படமெடுப்பதானால் முதலில் கரை முழுவதும், அடுத்து அவர் அமர்ந்திருக்கும் விதம், கடைசியாக ஊசி பிடித்த விரல்களும் வலைக்கண்ணும்.

கடற்கரையில் கற்ற அறிவியல்

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில், தலைமையாசிரியர் அனுமதியுடனும் பெற்றோரின் கையெழுத்துடனும் விடியற்காலையில் புறப்பட்டோம். மீனவர் பஞ்சாயத்தாரிடம் முன்னதாகவே தெரிவித்திருந்தோம். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது முதல் விதி.

நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்கு மேல் எழுகிறது. கடலைப் பார்த்துப் படமெடுத்த குழுவுக்குப் படகும் மனிதரும் கருநிழலாகவே கிடைத்தனர். கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்த குழுவுக்கு முகங்கள் தெளிவாக விழுந்தன. ஏன் என்று நான் விளக்கவில்லை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்ததும் ஒளி வரும் திசையைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். உப்புக்காற்றில் லென்ஸ் மங்கியபோது பருத்தித் துணியால் துடைக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

மொழிப்பாடமும் அங்கேயே நடந்தது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று பாடநூலில் படிக்கிறோம். மேல்காற்றைக் கடற்கரையில் கச்சான் என்கிறார்கள். அந்தச் சொல்லை வகுப்புக்குக் கொண்டுவந்தவன், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மீனவர் வீட்டு மாணவன்.

சுற்றுப்புறமும் வரலாறும்

மீன் ஏலம் முடிந்தபின் கோட்டைப் பக்கம் போனோம். 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி டேனியர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயிலோ அதற்கும் முந்தையது. பாண்டியர் காலத்துக் கோயிலான அதன் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. கோயிலை ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்து வைக்க முடிவு செய்தோம். கடலரிப்பை அளக்க இது எளிய பதிவேடு. ஏரிக்கரை, ஆற்றுமணல், மலைச்சரிவு உள்ள பள்ளிகளும் இதைச் செய்யலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் கரை பல உயிர்களை இழந்தது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளைக் கொண்டு அதைக் கேள்வியாகக் கேட்க வைக்கக் கூடாது.

என் தவறு

பள்ளி வராந்தாவில் கண்காட்சி வைத்தோம். மறுநாள் காலை ஒரு படம் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. கூடையருகே குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் அது. கீழே, "மீன் விற்கும் ஏழைத் தாய்" என்று வேறொரு குழு எழுதியிருந்தது. திருப்பி வைத்தவன் கச்சான் என்ற சொல்லைத் தந்த அதே மாணவன். அது அவனுடைய அம்மா.

நான் கோபப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தலைப்பை நான்தானே படித்துப் பார்த்து மாட்ட அனுமதித்தேன்? அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் படமெடுத்தார்களா என்றும் நான் விசாரிக்கவில்லை.

அன்று மாலை அந்தக் குழுவையும் அவனையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எடுத்த படங்களையெல்லாம் காட்டினோம். "இது வேண்டாம் டீச்சர், மூஞ்சியே தெரியல. இதைப் போடுங்க" என்று வேறொன்றைக் காட்டினார். அதில் ஏலக் கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார். என்ன எழுதலாம் என்று கேட்டோம். "ஏலத்துல மீன் எடுத்து, தரம் பிரிச்சு, நாலு ஊருக்குக் கொண்டுபோய் விக்கிறேன்னு எழுதுங்க. கணக்கெல்லாம் மனசுலயே போட்டுருவேன்" என்றார்.

முதல் படத்தை எடுத்த மாணவி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டார். ஒரு கூடையை இவ்வளவுக்கு எடுத்து, ஐஸுக்கும் வண்டிக்கும் இவ்வளவு கொடுத்தால், கிலோ என்ன விலைக்கு விற்க வேண்டும்? பிள்ளைகள் தாளைத் தேடுவதற்குள் விடையையும் அவரே சொல்லிவிட்டார். இலாப நட்டக் கணக்குக்கு அடுத்த வாரம் நான் எடுத்த எடுத்துக்காட்டு அதுதான்.

குழுவின் நான்கு விதிகள்

1. படமெடுக்கும் முன் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர வேண்டும்.
2. எடுத்ததை உடனே அவர்களுக்குக் காட்ட வேண்டும். பிடிக்காததை அழித்துவிட வேண்டும்.
3. படத்தின் கீழே செய்யும் வேலையை எழுத வேண்டும். ஏழை, பாவம் போன்ற நம் தீர்ப்பை எழுதக் கூடாது.
4. மாணவர் படங்களையோ பிறர் படங்களையோ அனுமதியின்றி வாட்ஸ்அப்பில் பகிரக் கூடாது.

மதிப்பீட்டுக்கு மதிப்பெண் எதுவும் போடவில்லை. ஒவ்வொருவரும் தாம் எடுத்த ஒரு படத்தைப் பற்றி ஐந்து வரி எழுத வேண்டும். அதில் ஒரு வரியாவது படத்தில் இருப்பவர் சொன்னதாக இருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே பிள்ளைகள் பேச்சுக் கொடுத்துப் பழகினார்கள்.

புதிய படம் இப்போதும் வராந்தாவில்தான் இருக்கிறது. பார்க்க வருபவர்களுக்கு அதன் கீழுள்ள வரிகளைப் படித்துக் காட்டுவது அந்த மாணவன்தான். உங்கள் பள்ளியைச் சுற்றியும் நெசவுத்தறியோ செங்கல் சூளையோ வாரச்சந்தையோ இருக்கும். ஒரு செல்பேசி போதும், தொடங்கலாம். கேட்டுவிட்டுத் தொடங்குவோம்.