அழும் குழந்தையும் சுற்றும் துணியும்: வீட்டார் அறிய வேண்டியவை



சென்ற மாதம் ஒரு சகோதரி ஐந்து வாரக் கைக்குழந்தையுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தார். நல்ல வெயில் நேரம். கம்பளித் துணியில் தலையோடு சேர்த்து இறுகச் சுற்றப்பட்டிருந்த குழந்தை முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தது. "அழுதா இறுக்கிச் சுத்தணும்னு மாமி சொன்னாங்க" என்றார். நம் மகளிர் பிரிவுச் சகோதரிகள் கம்பளியைப் பிரித்தார்கள். கழுத்தெல்லாம் வியர்வை, வேர்க்குரு. பால் கொடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றியதும் குழந்தை உறங்கிவிட்டது.

மாமி சொன்ன யோசனை தவறல்ல. செய்த முறையில்தான் தவறு. அதை விளக்கவே இக்கட்டுரை.

சுற்றினால் ஏன் அமைதி வருகிறது?

தாயின் வயிற்றில் குழந்தை கை கால் மடக்கி நெருக்கமாக இருந்தது. வெளியே வந்தபின் சிறு சத்தத்துக்கும் கைகளை விரித்துத் திடுக்கிடுகிறது. இந்த இயல்பு 4 முதல் 6 மாதத்துக்குள் மறைந்துவிடும். அதுவரை, துணி கைகளை அணைத்துப் பிடித்தால் திடுக்கிட்டு விழிப்பது குறையும்.

ஆனால் துணி, பசியைத் தீர்க்காது. முதலில் பசியா, ஈரத் துணியா, ஏப்பம் வரவில்லையா, புழுக்கமா, எறும்பு கடித்ததா என்று பாருங்கள். விரலில் நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகே சுற்றுங்கள்.

சுற்றும் முறை

1. துவைத்து நைந்த பருத்திச் சேலை அல்லது வேட்டித் துண்டு போதும். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி வேண்டாம்.

2. துணியின் மேல் மூலையை மடித்து, மடிப்பு தோள் மட்டத்தில் இருக்குமாறு குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள். தலையும் முகமும் திறந்தே இருக்கட்டும்.

3. மார்பின் மீது இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும்.

4. கால்களை நேராக நீட்டிக் கட்டாதீர்கள். தவளைக்கால் போல மடங்கி விரிய இடம் விடுங்கள். கால்களை இறுக்கினால் இடுப்பு மூட்டு பிசக வாய்ப்புண்டு.

5. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ வியர்த்தோ இருந்தால் பிரித்துவிடுங்கள். கை கால் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. அதை வைத்துக் குளிர் என்று முடிவு செய்யாதீர்கள்.

6. பாலூட்டும்போது துணியை அவிழ்த்துவிடுங்கள். தூங்க வைக்கும்போது எப்போதும் மல்லாக்கவே படுக்க வையுங்கள்.

7. குழந்தை புரள முயலும் அறிகுறி தெரிந்த நாளே சுற்றுவதை நிறுத்துங்கள். சில குழந்தைகள் 2 மாதத்திலேயே முயலும். சுற்றிய நிலையில் குப்புறப் புரண்டால் மூச்சு முட்டும்.

போர்வையும் தலையணையும் ஒரு வயது வரை குழந்தை உறங்கும் இடத்தில் வேண்டாம். குளிர் நாளில் கூடுதலாக ஒரு சட்டை போடுங்கள்.

சுற்றியும் அழுதால்?

குழந்தையின் அழுகை பிறந்து ஆறு வாரம் அளவில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதங்களில் தானே குறையும். ஆகவே தாய்க்குப் பால் போதவில்லை, வளர்க்கத் தெரியவில்லை என்று பழி சொல்லாதீர்கள். தோளில் சாய்த்து நடங்கள், மெல்லத் தட்டிக்கொடுங்கள். பொறுமை எல்லை மீறினால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நில்லுங்கள். எக்காரணம் கொண்டும் குழந்தையைக் குலுக்காதீர்கள். அது மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், பச்சை நிற வாந்தி, மூச்சு இழுப்பு, துவண்டு கிடத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

நீட்டித் தொழ நாடிய நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாய்க்குச் சிரமம் ஆகிவிடக் கூடாதென்று தொழுகையைச் சுருக்கினார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத் நாம். இரவில் பிள்ளை அழும்போது கணவர் தம் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைச் சுருக்கக் கூடாதா? பகலில் மாமியும் நாத்தனாரும் பிள்ளையைச் சற்று வாங்கிக்கொண்டால் அந்தத் தாய் கண் அயர மாட்டாரா? பிள்ளைக்குத் துணி அணைப்பு என்றால், தாய்க்கு வீட்டார்தான் அணைப்பு.

நம் குழந்தைகளையும் அவர்களைச் சுமந்து பெற்ற தாய்மாரையும் அல்லாஹ் நல்ல சுகத்தோடு வைப்பானாக. ஆமீன்.