கொல்லாத அளவு

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும் என்று பாடத்தில் படித்திருப்பாய். உண்மைதான். ஆனால் அளவு குறைந்தால், சாகாமல் தப்பும் பாக்டீரியாவுக்குள் அடங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவைப் பார். மருந்தை வெளியே இறைத்துவிடும் புரதத்துக்கான மரபணு அதனிடம் உண்டு. அந்தப் புரதம் மிகுந்தால் செல்லுக்கே கேடு என்பதால், டெட்ஆர் என்ற இன்னொரு புரதம் டிஎன்ஏ மீது அமர்ந்து அந்த மரபணுவை அடக்கி வைக்கிறது. மருந்து வந்து ஒட்டியதும் டெட்ஆர் வடிவம் மாறிக் கழன்றுவிடும். மரபணு வேலையைத் தொடங்கும். கொல்லத் தேவையானதைவிட மிகக் குறைந்த மருந்தே இதற்குப் போதும்.

எதிர்ப்புள்ளவை பிழைக்கின்றன, மற்றவை சாகின்றன. எதிர்ப்பு பரவுவதை விளக்க இயற்கைத் தேர்வு ஒன்றே போதாதா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சென்னையில் கிடைத்த ஒரு கிருமியில் இருக்கிறது. 1992-ல் அங்கே ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டியது. அதன் கிருமியில் எஸ்எக்ஸ்டி என்ற நீண்ட டிஎன்ஏ துண்டு இருந்தது. சல்ஃபமெதாக்சசோல், ட்ரைமெத்தோப்ரிம், ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால் ஆகிய நான்கையும் எதிர்க்கும் மரபணுக்களைச் சுமந்துகொண்டு, அது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. செட்ஆர் என்ற புரதம் அந்தத் தாவலை அடக்கி வைக்கிறது. சிப்ரோஃபிளாக்சசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் டிஎன்ஏவைச் சிதைக்கும்போது பாக்டீரியா பழுதுபார்க்கும் மரபணுக்களை முடுக்குகிறது. அந்த அமளியில் செட்ஆரின் பிடி தளர, துண்டு முன்பைவிட அதிகமாகத் தாவுகிறது. மேத்யூ வால்டோர் குழுவினர் 2004-ல் இதைக் காட்டினார்கள். சிப்ரோவை எதிர்க்கும் மரபணு அந்தத் துண்டில் இல்லை என்பதைக் கவனி. தேர்வு மட்டுமே காரணம் என்றால் சிப்ரோவால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் பரவுகிறது. என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

சோதனைக் குழாயில் நடப்பது, மருந்துக் கழிவு போய்ச் சேரும் கடலில் நடக்குமா? கடலில் மருந்து கரைந்து மெலிந்துவிடும், அது சரி. ஆனால் கடலுக்குப் போகுமுன் கழிவு தேங்கும் தொட்டியும் வாய்க்காலும் இருக்கின்றனவே. மாமல்லபுரம் கரையோரத்து இறால் குஞ்சு பொரிப்பகங்களையே எடுத்துக்கொள். குஞ்சுகளை மடியவைக்கும் ஒளிரும் விப்ரியோ, காலராக் கிருமியின் நெருங்கிய உறவு. அதை ஒடுக்கக்கூடிய மருந்துகளில் குளோராம்ஃபெனிகால் இறால் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால் எதிர்ப்பைப் பரப்ப அதே மருந்து தேவையில்லை என்று எஸ்எக்ஸ்டி காட்டிவிட்டது. அதனால் நோயாளி மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் சொல்வது கழிவுநீரைப் பற்றி. அதில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதை, கிருமி சாகும் அளவை வைத்து அல்ல, அதன் மரபணுக்கள் விழிக்கும் அளவை வைத்தே வகுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா