ஊர்க் கல்லும் ஊர் நீரும்

கோவிலம்பாக்கம்,
ஐப்பசி மாதம்.

சிரஞ்சீவி பேரனுக்கு,

பள்ளிச் சுற்றுலா சென்ற இடத்தில், முசோரியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பனிச்சிகரங்களைக் கண்ட பரவசத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, "நம் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது தாத்தா? ரேடியல் ரோடும் அடுக்குமாடிகளும்தானே?" என்று முடித்திருக்கிறாய். இமயத்தைக் கண்டு மெய்சிலிர்த்ததில் தவறொன்றுமில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் பிரமிக்க வைப்பது எதுவோ அதுவே நிலத்தின் சௌந்தரியம் என்று நீ தீர்மானித்துவிடலாகாது. சில பிரதேசங்கள் தம்மைத் தாமே காட்டிக்கொள்வதில்லை. இது எப்படி உண்டாயிற்று, ஏன் இப்படி இருக்கிறது என்று காரணம் விசாரிப்பவனுக்கு மட்டுமே அவற்றின் அழகு புலப்படும். நம் ஊர் அந்த இனத்தைச் சேர்ந்தது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். நம் வீட்டுப் பின்கட்டில் துவைக்கும் கல் ஒன்று கிடக்கிறதே, அதன் மூலை உடைந்திருப்பதை நீ கவனித்திருப்பாய். வந்ததும் அந்த உடைந்த முகத்தில் ஒரு செம்பு நீரை ஊற்றி, வெயிலில் குனிந்து பார். வெளித்தோல் துருவேறிப் பழுப்பாக இருக்க, உள்ளே எண்ணெய் தடவியதுபோன்ற கரும்பச்சை மினுமினுப்புத் தெரியும்; அதனூடே நீலச்சாயல் படிந்த பளிங்குத் துணுக்குகளும், தலையைச் சற்றே அசைத்தால் வெண்கல நிறத்தில் பளிச்சிட்டு மறையும் கருமணிகளும் தென்படும். அக்கருமணிக்கு ஹைபர்ஸ்தீன் என்றும், அதைத் தாங்கிய இந்தக் கருங்கல்லுக்குச் சார்னாக்கைட் என்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கிறார்கள்.

அப்பெயர் வந்த விதம் விசித்திரமானது. கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனியின் குடியிருப்பை நாட்டிய ஜோப் சார்னாக் என்பவரின் சமாதி, அந்நகரத்துப் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அச்சமாதிக் கல்லை ஆராய்ந்து, அது சென்னைப் பக்கத்துக் கல்லே என்று கண்டு, 1893-ஆம் ஆண்டில் அதற்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் நிற்கும் பாறைக்கு அவ்வாறு கிடைத்த நாமத்தை, அன்றுமுதல் உலகமெங்கும் அவ்வகைப் பாறையைக் காணும் சாஸ்திரிகள் அனைவரும் உச்சரிக்கிறார்கள்.

இனி அதன் வயதைக் கேள். நீ பார்த்து வந்த இமயம், இந்திய நிலத்தகடு ஆசியாவின்மேல் மோதத் தொடங்கிய பிறகு, சுமார் ஐந்து கோடி ஆண்டுகளாக எழும்பிக்கொண்டிருப்பது. நம் பாறையோ ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கடியில் பல மைல் ஆழத்தில், கடும் அழுத்தத்திலும் தகிக்கும் வெப்பத்திலும் உருவானது. அதன் மேலிருந்த பாரமெல்லாம் யுகயுகாந்தரங்களாக மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட்டுப் போனபின், ஆழத்திலிருந்த அடித்தளமே இன்று திரிசூலத்தில் வெயில் காய்கிறது. வெங்காயச் சருகு உரிவதுபோல் அங்குள்ள உருண்டைப் பாறைகள் அடுக்கடுக்காக உரிவதைப் பார்த்தாயானால், அந்த அரிப்பு இன்றும் ஓயவில்லை என்று விளங்கும்.

குன்றுகள் இவ்வாறு கரைந்து, நடுவே ஒரு சமவெளி விரிந்து கிடந்ததனால் விளைந்த காரியமொன்று, உன் முசோரியையும் நம் ஊரையும் இணைக்கிறது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்னும் ராணுவ அதிகாரி, வடக்கே பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே, சுமார் ஏழரை மைல் நீளமான நேர்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். இரு முனைகளிலும் ஏறி நின்று நோக்கக் குன்றும், இடையில் சங்கிலி நீட்டச் சமதரையும் வாய்த்திருந்த இந்த நிலத்தில் இடப்பட்ட அக்கோடே, முக்கோணம் முக்கோணமாக விரிந்து பாரத தேசம் முழுவதையும் அளந்த பெரும் பணிக்கு அஸ்திவாரம். லாம்டனுக்குப் பின் அப்பணியை வடக்கே இமயமலை வரை கொண்டுசென்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் வாழ்ந்த வீடு முசோரியில் இன்றும் இருக்கிறது. நீ அண்ணாந்து பார்த்த சிகரங்களின் உயரத்தைக் கணிக்க உதவிய கணக்கு, நீ பந்து விளையாடும் தரைக்கு அருகிலேதான் ஆரம்பமாயிற்று!

குன்றுகளைச் சுற்றிப் படிந்த செம்மண் சரளைக்கும் ஒரு கீர்த்தி உண்டு. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியொன்றில், ஆதிமனிதன் செதுக்கிய கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அதுவே முதற்சான்று. அவ்வாயுதம் நம் கருங்கல்லால் ஆனதன்று, குவார்ட்சைட் என்னும் வேறினக் கல்லால் ஆனது. எந்தக் கல் கூராக உடையும் என்ற பாடம், பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில் மனிதனுக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக நீர். இந்தக் கரும்பாறை, விரிசல்களில் தங்குவது தவிர, நீரைக் குடிப்பதில்லை; ஆகவே பெய்த மழை மேற்கிலிருந்து கிழக்கே சரிவைத் தேடி ஓடும். அச்சரிவின் குறுக்கே நம் முன்னோர் கரையெழுப்பி, ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும்படி அமைத்தார்கள். கீழ்க்கட்டளை ஏரி நாராயணபுரம் ஏரிக்குக் கொடுக்க, அது பள்ளிக்கரணைக் கழுவெளிக்குக் கொடுக்கும். கடற்கரையோரத்து மணல்மேடுகள் நீரை நேரே கடலுக்கு விடாமல் மறித்ததனால் தாழ்ந்த நிலத்தில் களிமண் படிந்து உண்டான சதுப்பு அது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகை நீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல மெல்லக் கோவளத்துக் கழிமுகத்திற்கு அனுப்புகிறது. அச்சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பை மேட்டுக்கும் இரையாயிற்று. எஞ்சியதில் சுமார் 1,250 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் ஸ்தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அங்கீகரிக்கப்பட்டது. 2015 டிசம்பர் மழையில் இச்சுற்று வட்டாரத்துத் தெருக்களில் நின்ற வெள்ளம் எங்கிருந்தோ வந்த விபத்தன்று. தனக்குரிய இடத்தைத் தேடி வந்த நீரே அது.

அரையாண்டு விடுமுறைக்கு வரும்போது நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்து வா. வனத்துறையின் அனுமதி பெற்று நன்மங்கலம் காப்புக்காட்டுக்குப் போவோம். கல்லுடைத்துக் கைவிட்ட பள்ளங்களின் செங்குத்துச் சுவர்களில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. விளிம்புக்குப் போகாமல் தள்ளி நின்று, அச்சுவரில் பாறை எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார். பிறகு மழை விட்ட ஒரு நாளில், நம் தெருவில் விழுந்த நீர் எந்தக் கால்வாயில் இறங்கி, எந்த ஏரியில் சேர்ந்து, எவ்வழியே கழுவெளிக்குப் போகிறது என்பதை நடந்தே கண்டறிந்து, ஒரு படம் வரைந்து என்னிடம் காட்டு. வழி அடைபட்ட இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறி. அந்தப் படத்தைத் தானே வரைந்தவன் நாளைக்கு வீடு கட்ட மனை பார்க்கப் போனால், விலையைக் கேட்பதற்கு முன் அந்த மனைக்கு நீர் எத்திசையிலிருந்து வரும் என்று கேட்பான்.

இப்படிக்கு,
உன் தாத்தா.