பொலிஸ் மறிக்காமல் வந்த தண்டம்

கேள்வி: நான் ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வருகிறேன். ஸ்கூட்டி என் பெயரில்தான் இருக்கிறது. அண்மையில் என் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. போக்குவரத்துத் தண்டப்பணம் செலுத்தப்படவில்லை, இன்றைக்குள் கட்டாவிட்டால் லைசன்ஸ் நிறுத்தப்பட்டு வழக்குப் போடப்படும் என்று இருந்தது. கீழே ஒரு லிங்க். என்னை எந்தப் பொலிஸும் மறிக்கவில்லை. ஆனால் இடைக்கிடை என் தம்பியும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போவான். கமராவில் பிடித்திருப்பார்களோ என்று பயந்து, லிங்கைத் திறந்து கார்ட் விவரங்களைப் போட்டுவிட்டேன். ஓ.டி.பி. கேட்டபோது சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன். உண்மையிலேயே வழக்கு இருந்தால் நான் என்ன செய்வது, சேர்?

பதில்: வழக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் கார்ட். இன்னும் முடக்கவில்லையென்றால், இதை வாசித்து முடிக்குமுன் வங்கிக்கு அழைத்து முடக்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. கொடுக்கவில்லைதானே என்று இருந்துவிட வேண்டாம். கார்ட் எண்ணும் பின்பக்க மூன்று இலக்கங்களும் கிடைத்தாலே, ஓ.டி.பி. கேட்காமல் பணம் எடுக்கும் வெளிநாட்டு இணையத்தளங்கள் இருக்கின்றன. அழைத்த நேரத்தையும் வங்கி தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தத் துண்டுக் கடதாசிதான் பேசும்.

இனி வழக்குக்கு வருவோம். உங்கள் லைசன்ஸ் உங்கள் கைப்பையில் இருக்கிறதா? இருந்தால் பாதிப் பயத்தை விடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சாதாரணக் குற்றங்களுக்குப் பொலிஸ் உத்தியோகத்தர் அந்த இடத்திலேயே தண்டப்பத்திரம் எழுதுவார், லைசன்ஸை வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பத்திரம் 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகச் செல்லும். அதற்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டினால் லைசன்ஸ் திரும்பும். 14 நாள் கடந்தால் இரட்டிப்புத் தொகை, 28 நாளும் கடந்தால் நீதவான் நீதிமன்றம். கையில் பத்திரம் இல்லை, லைசன்ஸும் போகவில்லை என்றால் உங்கள் பெயரில் கட்டாத தண்டம் எங்கிருந்து வந்தது?

அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தை இணையத்தில் கட்டும் கவ்பே (GovPay) முறை வந்த பிறகு மக்கள் குழம்புவதை நான் குறை சொல்லமாட்டேன். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அதை ஆரம்பித்தது. அந்த ஏப்ரலில் குருநாகல், அநுராதபுரம் பக்கத்தில் போக்குவரத்துத் தண்டத்துக்குப் பரீட்சித்துப் பார்த்து, பின்னர் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். வீதியிலேயே போனில் கட்டி, லைசன்ஸைக் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம். நல்ல வசதிதான். மோசடிக்காரருக்கும் அது நல்ல வசதியாகிவிட்டது. கவ்பே பெயரைச் சொல்லிப் போலி மெசேஜ்கள் சுற்றுகின்றன. ஆனால் உண்மையான முறையில் பணம் கட்டுபவர் தன்னுடைய வங்கிச் செயலியைத் தானே திறந்து, கையில் இருக்கும் தண்டப்பத்திரத்தின் இலக்கத்தைத் தானே பதிகிறார். மெசேஜில் வந்த லிங்கைத் தட்டிக் கார்ட் எண் கொடுக்கும் வேலை அதில் இல்லை.

கமரா பற்றிய உங்கள் பயம் முழுக்க ஆதாரமற்றது அல்ல. கொழும்பு நகரில் 2024 ஜனவரியில் இருந்து சிசிடிவி பார்த்துத் தண்டம் விதிக்கிறார்கள். அதுவும் பதிவு செய்த உரிமையாளரின் விலாசத்துக்குப் பொலிஸ் மூலம் வரும். ஓட்டியது யார் என்று பொலிஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லத்தான் வேண்டும் என்பதையும் அறிந்து வையுங்கள். நீதிமன்ற அழைப்பாணை என்றால் எழுத்தில், நீதிமன்ற முத்திரையோடு வரும். மட்டக்களப்போ களுவாஞ்சிக்குடியோ வாழைச்சேனையோ, எந்த நீதவான் நீதிமன்றமும் "இன்றைக்குள் லிங்கைத் தட்டு" என்று அழைப்பாணை அனுப்புவதில்லை.

ஆங்கிலத்தில் வந்ததால் அரசாங்கச் செய்திதான் என்று நினைத்தீர்கள் போலும். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனாலும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வாங்கிப் பழகிப்போன எங்களுக்கு மொழியை வைத்து உண்மை பொய்யை மட்டுக்கட்ட முடியாது. நாளைக்கு இதே மோசடி நல்ல தமிழிலும் வரும். லிங்கின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள் என்றும் அறிவுரை சொல்வார்கள். ஓர் எழுத்தை மாற்றி வைத்தால் சின்னத் திரையில் கண்ணுக்கு எட்டாது. நான் சொல்வது ஒன்றுதான்: எந்த முகவரியானாலும் மெசேஜ் வழியாக உள்ளே போகாதீர்கள். சந்தேகம் என்றால் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் வாகன இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

இது எங்கள் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் சாலைக் கட்டணம் பாக்கி என்று இதே பாணியில் மெசேஜ் அனுப்பினார்கள். 2024 மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதிக்குள் எஃப்.பி.ஐ.க்கு 2,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் போயின. ரொறன்ரோவில் சொந்தக்காரர் இருந்தால், அவருக்கு அங்குள்ள 407 கட்டண நெடுஞ்சாலையின் பெயரில் வரும். கல்லடிப் பாலத்திலும் மண்முனைப் பாலத்திலும் கட்டணம் கிடையாது, அதனால் எங்களுக்குத் தண்டம் என்று வருகிறது. கேட்கும் தொகை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அவர்களுக்கு வேண்டியது அந்தத் தொகை அல்ல, கார்ட்.

சட்டத்தில் குறை இல்லை. ஏமாற்றிப் பணத்தைக் கைமாற்றுவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறையும் தண்டமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கின்றன. ஆளைப் பிடிப்பதுதான் பாடு. அனுப்புகிறவர் பெரும்பாலும் நாட்டுக்குள் இருப்பதில்லை. ஆகவே பணம் திரும்பும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். ஓ.டி.பி. கொடுத்தவர்களுக்கு வங்கி "நீங்களே அனுமதித்தீர்கள்" என்று கைவிரிக்கப் பார்க்கும். நீங்கள் கொடுக்கவில்லை, உங்கள் நிலை பலமானது.

கணக்கில் ஏதும் குறைந்திருந்தால் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 இல் அழைக்கலாம். இணையச் சம்பவத்தை இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இல் தெரிவிக்கலாம். பொலிஸில் முறைப்பாடு எழுதிப் பிரதி வாங்குங்கள். அந்த மெசேஜை வெறுப்பில் அழித்துவிட வேண்டாம்: 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் கீழ் அதுவும் சாட்சியம். அனுப்பிய இலக்கம், நேரம், லிங்க் எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, தம்பியிடமும் ஒருதரம் கேளுங்கள். அவர் சட்டைப்பையில் உண்மையான தண்டப்பத்திரம் ஒன்று மடித்துக் கிடந்தால், வந்த மெசேஜ் போலி என்பதால் அந்தத் தண்டம் இல்லாமல் போகாது. 14 நாள் முடிவதற்குள் தபாலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.