க்ரோமாக்ஸை எதில் நிறுவுவது?

புராஜெக்ட் தொடங்கி மூன்று வாரம் ஆகியும் ஒரு மாணவியால், புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் க்ரோமாக்ஸ் மென்பொருளை நிறுவி முடிக்க முடியவில்லை. மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். சிக்வின் ஜன்னலில் கம்பைல் ஊர்ந்துகொண்டிருந்தது. "நேத்து ராத்திரி போட்டது சார், இன்னும் 62 சதவீதம்தான்."

ஏன் சிக்வின் என்று கேட்டேன். "விண்டோஸ்ல கை வைக்காதேன்னு அப்பா சொல்லிட்டார். லோன் போட்டு வாங்கினது. யூடியூப்லயும் எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படி வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. உபுண்டுவில் ஏபிடி மூலம் ஒரே கட்டளையில் க்ரோமாக்ஸ் வந்துவிடும். உங்கள் சிபியுவுக்கென்றே செதுக்கியது அல்ல, கிராபிக்ஸ் அட்டையையும் அது தொடாது. ஆனால் தண்ணீரில் லைசோசைம் புரதத்தை மிதக்கவிட்டுப் பழக அது தாராளம். மேக்கில் ஹோம்ப்ரூ இதே வேலையைச் செய்யும். கிராபிக்ஸ் அட்டையில் கணக்கு ஓட்டும் என்விடியாவின் 'கூடா' மேக்கில் கிடையாது. அப்பா வாங்கித் தந்திருந்தால் நன்றி சொல்லிப் பயன்படுத்துங்கள், இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

சிக்வினுக்கு வருவோம். க்ரோமாக்ஸ் 1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில், யூனிக்ஸ் உலகத்தில் பிறந்தது. சிக்வின் அந்த யூனிக்ஸ் பேச்சை விண்டோஸுக்குச் சொல்லும் துபாஷி. ஒவ்வொரு புதிய புராசஸைத் தொடங்கும்போதும் துபாஷி தடுமாறுவார். கம்பைலுக்கு முன் ஓடும் சிமேக்கோ கம்பைலரைச் சோதிக்கவே நூற்றுக்கணக்கில் குட்டிப் புராசஸ்களைத் தொடங்கும். ராத்திரி போட்டது காலையிலும் முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிந்தாலும் பலன் குறைவு. விண்டோஸில் என்விடியாவின் கூடா கம்பைலர் மைக்ரோசாப்ட் கம்பைலரோடுதான் சேரும். சிக்வினின் ஜிசிசி கம்பைலரோடு சேராது. லோன் பணத்தில் பெரும்பங்கு எந்த அட்டைக்குப் போனதோ, அது சும்மா கிடக்கும். வீடியோக்களில் பல பழைய பதிப்புக்கானவை. புதிய பதிப்புகள் சி++17 தெரிந்த கம்பைலரையும் புதிய சிமேக்கையும் கேட்கும். அங்கே முட்டியதும் பிள்ளைகள் வீடியோவுக்குக் கீழே "சார் எரர் வருது" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள்.

அப்பாவின் பயத்துக்கு மருந்து டபிள்யூஎஸ்எல் 2. விண்டோஸை அழிக்காமல், டிஸ்க்கைப் பிரிக்காமல், உள்ளேயே உபுண்டு ஓடும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும். என்விடியா டிரைவரை விண்டோஸ் பக்கம் மட்டும் போடுங்கள். உபுண்டுவுக்குள் கூடா டூல்கிட் போதும். கோப்புகளை சி டிரைவில் வைத்து ஓட்டாதீர்கள், உபுண்டுவின் ஹோமில் வையுங்கள். இல்லாவிட்டால் டிராஜெக்டரி எழுதும்போது வண்டி திணறும்.

கூகுள் கோலாப் இலவசம்தான், ஆனால் பாதியில் துண்டித்துவிடும். செக்பாயின்ட் கோப்பை கூகுள் டிரைவில் சேமிக்காதவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் நான்கு நாள் போராடி, 'மேக் செக்' சோதனை எல்லாம் தேறிய இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கிளஸ்டரின் தலைக்கணினியில் கம்பைல் செய்து, பழைய சிபியு உள்ள நோடில் ஓட்டி, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். இருந்தும் முதல் மாதத்தில் யாரையும் அதில் இறக்க மாட்டேன். முதலில் புரதம் அசையட்டும்.

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை எல்லோருக்கும் ஒத்துவராது என்பார்கள். நான் பார்த்தவரை ஒத்துவராதது திரை அல்ல, வாசிப்பு. 'மேக்' கடைசி வரியில் சொல்லும் 'எரர் 2' எதையும் சொல்வதில்லை; முதல் பிழை அதற்கு முந்நூறு வரி மேலே இருக்கும். ஏறிப் போய்ப் படிக்கும் பொறுமை உள்ளவருக்கு எந்த இயங்குதளமும் வசப்படும். நிறுவி முடித்தபின் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வந்தால் பதறி மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. ஜிஎம்எக்ஸ்ஆர்சி கோப்பை 'சோர்ஸ்' செய்தால் போதும் என்பது நிறுவல் கையேட்டிலேயே இருக்கிறது.

அந்த மாணவி சிக்வினை நிறுத்திவிட்டு டபிள்யூஎஸ்எல் போட்டாள். அடுத்த வாரம் வெர்ஷன் கட்டளையைக் கொடுத்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஜிபியு சப்போர்ட் என்ற வரிக்கு எதிரே 'கூடா' என்று இருந்தது. அப்பாவிடம் சொன்னாயா என்றேன். "அவரோட எக்செல் ஷீட் எல்லாம் அப்படியே இருக்கு சார். அவருக்கு ஒண்ணும் தெரியாது."